ஆலங்காட்டில் ஓர் இடம்

காரைக்கால் அம்மையார் கேட்ட வரம் நமக்குப் பழகிப்போய்விட்டது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை என்பதால் அதில் இருக்கும் கடுமை காதில் விழுவதில்லை. இளம்பெண் ஒருத்தி, உறவினர் சூழ, தாலி கட்டியவன் எதிரிலேயே நின்றுகொண்டு, என் சதையையும் அதில் தங்கிய அழகையும் எடுத்துக்கொள், பேய் வடிவம் கொடு என்று சிவனைக் கேட்கிறாள். பிள்ளை வரம் கேட்கவில்லை. விட்டுப்போன கணவன் மனம் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் உயிர் போய்விட வேண்டும் என்றும் கேட்கவில்லை. எவரும் ஏறெடுத்துப் பார்க்க விரும்பாத ஓர் உடம்பைக் கேட்டாள். ஏன்?

பொதுவாகச் சொல்லப்படும் பதில், அவளுக்கு உடம்பின் மேல் பற்று அற்றுவிட்டது என்பது. கோயில் சொற்பொழிவுகளில் இதைத்தான் கேட்டு வளர்ந்தேன். கல்லூரியில் பெரியபுராணம் நடத்த வந்த பிறகு, பாடலுக்குப் பாடல் நிறுத்திப் படிக்கப் படிக்க, இந்தப் பதில் போதவில்லை. பற்று அற்றவளுக்கு இன்னொரு உடம்பு எதற்கு?

நான் காரைக்காலில் பிறந்தவள். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் ஊரே கல்யாண வீடாகிவிடும். உண்மையாகவே கல்யாணம்தான். முதலில் மாப்பிள்ளை அழைப்பு. அம்மையாரின் கணவன் பரமதத்தன் ஊர்வலமாக வருவான். மறுநாள், புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அம்மையாருக்கும் அவனுக்கும் திருக்கல்யாணம். பட்டு, மாலை, நகை என்று மணப்பெண்ணாக அம்மையாரை அலங்கரித்திருப்பார்கள். பிறகு சிவன் பிச்சாண்டவராக வரும் வீதியுலா. தெருவின் இரண்டு பக்கமும் மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் கூடைகள் ஏறும். பிடிபட்ட பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. கீழே பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்தபடி அண்ணாந்து நிற்பார்கள். நேர்ந்துகொண்டு, பிள்ளை பிறந்து, அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து மாம்பழம் இறைக்க வைக்கிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களின் மகிழ்ச்சியை எந்தத் தத்துவத்தாலும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அம்மையார் பேய் வடிவம் பெறுவதும், இறைவன் அவருக்குக் காட்சி கொடுப்பதும் அதற்கப்புறம், விடியற்காலையில் நடக்கும். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு யாரும் விழித்திருந்ததில்லை. கல்யாணம் பார்த்தாயிற்று, பழமும் கிடைத்தாயிற்று. எந்த வாழ்க்கையை விட்டு அவர் வெளியேறினாரோ அந்த வாழ்க்கைக்குத்தான் ஆண்டுதோறும் அவரை மாலை போட்டு அழைத்துக்கொண்டு வருகிறோம்.

இது இன்று நேற்று தொடங்கியதும் அல்ல. அம்மையார் தாமே பாடியவை நம்மிடம் இருக்கின்றன: அற்புதத் திருவந்தாதி, திரு இரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. எல்லாம் பதினோராம் திருமுறையில் உள்ளன. இவற்றில் எங்கும் கணவன் இல்லை, கல்யாணம் இல்லை, மாம்பழமும் இல்லை. தன்னைப் பற்றி அவர் சொல்வது காரைக்கால் பேய் என்பது மட்டும்தான். அவருக்குப் பின் வந்த சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பேயார் என்று பெயர் சொல்லி வணங்கி நகர்ந்துவிடுகிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் கயிலை மலையைத் தலையால் நடந்து ஏறிய செய்தி வருகிறது. அங்கேயும் கணவன் வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் எழுதும்போதுதான் தந்தை தனதத்தன், நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன், வீடு, கடை, மாங்கனி எல்லாம் வந்து சேர்கின்றன. அம்மையார் வாழ்ந்த காலத்துக்கும் சேக்கிழாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள். ஒரு பெண் தனியாக நின்று பாடினாள் என்றால் அதற்கு முன்னால் ஒரு கல்யாணம் இருந்திருக்க வேண்டும் என்று சமூகம் கேட்டிருக்கிறது.

இதனால் சேக்கிழார் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. கூடத்தான் செய்தது. அவர் அந்தக் கல்யாணத்தை எழுதிய விதத்திலேயே அதன் இறுக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

புனிதவதி பருவம் அடைந்ததும் வீட்டை விட்டு வெளியே போகாதவளாகிறாள். வணிகர் குலத்தின் வழக்கம். கல்யாணம் ஆன பிறகும் நாகப்பட்டினத்துக்குப் போகவில்லை. ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மாளிகை கட்டிக்கொடுத்து மாப்பிள்ளையைக் காரைக்காலிலேயே இருக்கச் செய்கிறான். தகப்பன் பாசத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் பாருங்கள்: தகப்பன் வீட்டிலிருந்து தகப்பன் கட்டிய வீட்டுக்குப் போனாள். அவள் உலகம் அவ்வளவுதான். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் எது?

அந்த இடத்தைச் சேக்கிழார் ஒரே ஒரு காட்சியில் காட்டுகிறார். கடையிலிருந்து கணவன் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகியிருக்கிறது, கறி இன்னும் ஆகவில்லை. ஒரு பழத்தை வைத்து அவருக்கு இலை போடுகிறாள். பகலில் சாப்பிட வந்த கணவன் மீதிப் பழத்தைத் தின்றுவிட்டு, ருசியில் இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போகிறாள். யாரும் இல்லாத இடத்தில் நின்று மனம் உருகி நினைக்கிறாள். கையில் ஒரு கனி வருகிறது. கொண்டுவந்து இலையில் வைக்கிறாள்.

அந்த உள்பக்கம்தான் அவள் இடம். நாலடித் தூரம், சில நொடி நேரம்.

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் அறை பெண்களுக்குக் கிடையாது. அறையே அரிது. என் பெரியம்மா மத்தியானம் கண்ணை மூடிப் படுத்தால், உடம்பு சரியில்லையா என்று கேட்டு எழுப்புவார்கள். புத்தகத்தோடு உட்கார்ந்தால், சும்மாதானே இருக்கிறாய் என்று ஒரு வேலை வரும். ஆனால் சாமி விளக்கின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் மாமனார் உட்பட யாரும் கூப்பிட மாட்டார்கள். பெரியம்மா அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு நேரமும் அவர் சாமியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது என்று நினைக்கிறேன். தன்னோடு தான் இருக்கப் பெண்ணுக்குச் சமூகம் அனுமதித்த ஒரே வாசல் பக்தி. நம் பெண்களின் பக்தி ஆண்களுடையதைவிட ஆழமானது என்று புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கதைக்கு வருகிறேன். கணவனுக்குச் சந்தேகம் வருகிறது. இந்தக் கனியின் ருசி முந்தியதைப் போல இல்லையே, எங்கிருந்து வந்தது? மறைக்கக் கூடாது என்று அவள் உள்ளதைச் சொல்கிறாள். அவன் நம்பவில்லை. ஈசன் அருளால் வந்தது என்றால் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு என்கிறான்.

பெரியபுராணத்திலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்யும் இடம் இதுதான். அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. சேக்கிழார் அவனைக் கெட்டவனாகவே காட்டவில்லை. ஆனால் யாரும் அறியாமல் அவளுக்கும் அவள் தெய்வத்துக்கும் நடுவில் நடந்த ஒன்றை, கூடத்துக்குக் கொண்டுவந்து என் கண் முன்னால் செய்துகாட்டு என்று கேட்கிறான். மனைவியின் மனதுக்குள் தனக்கு இடமில்லாத மூலை ஒன்று இருக்கக் கூடாது என்று அவன் நினைப்பது அவனுக்கே தெரியாது. அவன் காலம், அவன் குலம், அவனுக்குக் கற்றுக்கொடுத்த கணவன் என்கிற பதவி எல்லாம் சேர்ந்து அந்தக் கேள்வியை இயல்பாக்கியிருக்கின்றன. அவள் மறுபடி வேண்டுகிறாள். கனி வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது.

பயந்துவிட்டான். இவள் மானிடப் பெண் இல்லை, தெய்வம் என்று முடிவு கட்டுகிறான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் ஒட்டாமல் வாழ்கிறான். வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு வாணிகம் செய்யக் கப்பல் ஏறுகிறான். பாண்டிய நாட்டு ஊர் ஒன்றில் இறங்கி, வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான். சேதி தெரிந்து உறவினர் இவளைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அவள் விருப்பத்தை யாராவது கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான். அவள் அஞ்சி, சுற்றத்தார் பக்கம் ஒதுங்கி நிற்கிறாள்.

இங்கே அவளுக்கு இரண்டு இருக்கைகள் காட்டப்படுகின்றன. ஒன்று மனைவி, அது பறிபோய்விட்டது. மற்றொன்று தெய்வம், அதில் அவளைக் கேளாமலே உட்கார வைக்கிறார்கள். மனைவியாக இருந்தால் அழகு ஒருவன் பார்ப்பதற்கு. தெய்வமாக இருந்தால் ஊரே பார்ப்பதற்கு. காலில் விழுவதும் ஒரு வகையில் கைவிடுவதுதான். கும்பிட்டுவிட்டால் அப்புறம் அவளோடு பேச வேண்டியதில்லை, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. நம் ஊரில் பெண்ணைத் தெய்வம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பரமதத்தன் விழுந்து எழுந்த அந்தக் காட்சி நினைவுக்கு வரும்.

அவள் இரண்டையும் வேண்டாம் என்கிறாள். அப்போதுதான் அந்த வேண்டுதல். இனி இவனுக்காகச் சுமந்த அழகு எனக்கு எதற்கு என்ற பொருள்பட அவள் பேசுவதாகச் சேக்கிழார் அமைத்திருக்கிறார். அழகு என்பது அவளுடைய உடைமையாக இருந்ததில்லை, இன்னொருவர் பொருட்டு அவள் மேல் ஏற்றி வைத்த சுமை என்று ஓர் அமைச்சராக இருந்த ஆண், 12ஆம் நூற்றாண்டில், ஒரு பெண்ணின் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார். சதை உதிர்கிறது. பேய் உருவம் வருகிறது. உறவினர் கும்பிட்டுவிட்டு ஓடிப்போகிறார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளைச் சுற்றி யாருமில்லை.

வகுப்பில் இந்த இடத்தில் ஒரு மாணவி ஒருமுறை எழுந்தாள். “மேடம், அழகா இருந்துக்கிட்டே சாமி கும்பிட முடியாதா? அதை ஏன் விடணும்?” அவளுக்கு அந்த வாரம் பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. கறுப்பு என்று சொல்லிவிட்டார்களாம். அழகு இல்லை என்று ஒதுக்கப்பட்டவள், அழகை ஒருத்தி தூக்கி எறிந்த கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கேள்விக்கு வகுப்பில் அன்று நான் சொன்ன பதில், மணிமேகலையைப் பார் என்பது.

இளவரசன் உதயகுமரன் அவளைத் துரத்துகிறான். மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவத்தை எடுத்துக்கொண்ட பிறகே, பசி தீர்க்கும் பாத்திரமான அமுதசுரபியோடு ஊருக்குள் நடமாட முடிகிறது. ஔவையாரைப் பற்றி வழங்கும் கதையிலும் அப்படியே. கல்யாணப் பேச்சு நெருக்கியபோது பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகிவிட்டார். அதன் பிறகு அரண்மனை, குடிசை, நெடுஞ்சாலை எதுவும் அவருக்குத் தடையில்லை. தமிழில் ஒரு பெண் தனியாக வழி நடக்க வேண்டும் என்றால் முதலில் இளமையைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. கேட்கும் நாம் எல்லோரும் இதை அற்புதம் என்று சொல்வோம். அவர்கள் கொடுத்த விலை அது.

ஆண் அடியாருக்கு இந்த விலை கேட்கப்படவில்லை. அதே பெரியபுராணத்தில் சுந்தரர் வருகிறார். புத்தூரில் அவர் கல்யாணம் நடக்க இருந்த வேளையில் கிழ வேதியராகச் சிவன் வந்து, ஓலையைக் காட்டி, இவன் எனக்கு அடிமை என்று தடுத்து ஆட்கொள்கிறார். கல்யாணம் நின்றுபோனது. பிறகு திருவாரூரில் இறைவன் சுந்தரரிடம் சொல்வது என்ன? அன்று பூண்ட மணக்கோலத்தை என்றும் பூண்டு உலகில் விளையாடு என்பதுதான். மாலையும் சாந்தும் அணியுமாக, மாப்பிள்ளைக் கோலத்திலேயே வாழ்நாள் முழுக்க அவர் பாடினார். பரவையாரும் சங்கிலியாரும் மனைவியர். பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சிவனே தூது போனார். புத்தூரில் மணமேடையோடு விடப்பட்ட சடங்கவி சிவாசாரியாரின் மகளோ, சுந்தரரையே நினைத்துக்கொண்டிருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று ஒரு வரிச் செய்தியாகப் போய்விடுகிறாள். சுந்தரரின் அழகு இறைவன் ரசித்த அழகு. நான் சுந்தரரின் பதிகங்களை உயிராக நேசிப்பவள். அதனால்தான் கேட்கிறேன்: அருள் ஒன்றே என்றால், ஒருவருக்கு மணக்கோலமும் இன்னொருவருக்குப் பேய்க்கோலமும் ஏன்? அருளில் வேறுபாடு இருந்திருக்க முடியாது. அவர்கள் நடக்க வேண்டியிருந்த தெருவில் இருந்தது.

இதோடு நிறுத்தினால் அம்மையாரை இரக்கத்துக்கு உரியவராக்கிவிடுவேன். அவர் பாடல்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

சைவ சித்தாந்தம் உடம்பை எதிரியாக நினைப்பதில்லை. தனு (உடம்பு), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) நான்கும் உயிர் பக்குவப்பட இறைவன் கொடுத்த துணைகள். அம்மையாரும் உடம்பை ஒழிக்கவில்லை, மாற்றிக் கேட்டார். பாடத் தொண்டை, தாளம் போடக் கை, மலை ஏறத் தலை எல்லாம் அவருக்கு வேண்டியிருந்தன. மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே சுடுகாட்டில் ஒரு பெண்பேயைக் காட்டுகிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெளுத்த பல், ஒட்டிய வயிறு, நீண்ட கணைக்கால். தலை முதல் கால் வரை பெண்ணை வருணிக்கும் மரபு தமிழில் உண்டு. அந்த மரபின் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, ரசிக்க வருகிறவன் கண் கூசும்படி திருப்பி வைத்திருக்கிறார். அதில் வெட்கமோ வருத்தமோ துளியும் இல்லை. ஏழு இசையின் பெயரையும் வாத்தியங்களின் பெயரையும் அடுக்கிச் சொல்கிறார். அந்தச் சுடுகாட்டில் இசை நிறைந்திருக்கிறது.

இன்னொரு பாட்டில் ஒரு பேய்த்தாய் வருகிறாள். தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்து, சீராக வளர்த்து, மேல் ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டு, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். அம்மா வரக் காணாமல் குழந்தை அழுது அழுது தூங்கிப்போகிறது. பிணம் எரியும் காட்டின் நடுவில் இப்படி ஒரு காட்சியை எழுதியவர் அன்பையோ தாய்மையையோ வெறுத்தவராக இருக்க முடியாது. பார்க்கப்படுவதை மட்டுமே அவர் விட்டார். முக்தி என்பது உடம்பிலிருந்து விடுதலை என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அம்மையாரிடம் நான் கற்றது, உடம்பின் மேல் மற்றவர்கள் எழுதிவைத்த பட்டாவிலிருந்து விடுதலை.

சோழர் காலச் சிற்பிகளுக்கு இது புரிந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் அருகே அம்மையார் எலும்பும் தோலுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கும் செப்புத் திருமேனிகள் அப்படியே: தொங்கிய மார்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம், முகத்தில் மகிழ்ச்சி. சிற்பிகள் அழகுபடுத்தவில்லை. நம் காலத்தில்தான் அதற்குத் துணிவு இல்லாமல் போயிற்று. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளமையில் லட்சுமி, முதிய அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாள். சுந்தராம்பாளின் குரல் கேட்டு அழாதவர் குறைவு, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் திரையில் பேய் ஒரு மரியாதைக்குரிய பாட்டியாகிவிட்டது. பாட்டியைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். பேயை எங்கே வைப்பது?

சிவன் வைத்தார். தலையால் மலை ஏறி வருவது யார் என்று உமை கேட்க, நம்மைப் பேணும் அம்மை என்கிறார். ஆண்டாளும் கன்னடத்து அக்கமகாதேவியும் இறைவனையே கணவனாக வரித்தார்கள். மனிதக் கணவனை மறுக்க அந்த வழி அவர்களுக்குத் திறந்தது. காரைக்காலாருக்கு அந்தக் கல்யாணமும் வேண்டியிருக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத ஒருவர் தன்னை அம்மா என்று அழைக்க, அவள் அவரை அப்பா என்கிறாள். என்ன வேண்டும் என்றதற்கு, நீ ஆடும்போது உன் அடிக்கீழ் இருந்து பாட வேண்டும் என்கிறாள். திருவாலங்காடு கிடைக்கிறது. அது வெறும் உருவகமாகவும் நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் ஆலங்காட்டுக்கு வந்த ஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, உள்ளே போகாமல் பக்கத்து ஊரில் தங்கினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். நாலடித் தூர உள்பக்கத்தைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாதவளுக்குச் சம்பந்தரே கேட்காமல் கால் வைக்காத ஒரு நிலம்.

இப்போது பாடத்தை நான் வரிசை மாற்றி நடத்துகிறேன். முதலில் அம்மையாரின் பதிகம், பேய்த்தாய், அவள் குழந்தை, அந்த வாத்தியங்கள். அதற்குப் பிறகே பெரியபுராணம். பதிகத்தில் அவரைச் சந்தித்துவிட்டு வரும் பெண்கள் பேய் வடிவத்தைக் கண்டு முகம் சுளிப்பதில்லை, அழகை ஏன் விட்டாள் என்று கேட்பதும் குறைந்துவிட்டது. மாங்கனிக் காட்சியில்தான் கை உயர்கிறது. அவன் நம்பாவிட்டால் என்ன, அவள் ஏன் நிரூபிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.